மூத்த ராக் கலைஞர்களைச் சிற்றரங்கில் கேட்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1969ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் தேதி, இரவு முழுவதும் தங்கள் முறைக்காகக் காத்திருந்த ஜெஃபர்சன் ஏர்பிளேன் ராக் குழுவினர், பொழுது விடிந்த பிறகு உட்ஸ்டாக் இசைவிழா மேடையில் ஏறி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பரவியிருந்த மக்கள் திரளின் முன் வாசித்தார்கள். அன்று கிதார் வாசித்த ஜோர்மா கௌகோனனும் பாஸ் கிதார் வாசித்த ஜாக் கேசடியும் ஹாட் டூனா என்ற பெயரில் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் வந்து வாசித்த இடங்களுள் ஒன்று, அமெரிக்காவில் வர்ஜீனியாவின் அலெக்ஸாண்ட்ரியா நகரில் உள்ள பர்ச்மியர் இசை அரங்கம். அங்கே 500 பேர் உட்காரலாம். கௌகோனன் 1940இலும் கேசடி 1944இலும், ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் வாஷிங்டனில் பிறந்தவர்கள். பதின்வயதிலேயே அந்த ஊரில் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியவர்கள். ஆகவே பர்ச்மியருக்கு அவர்கள் வருவது, ஒரு வகையில், சொந்த ஊருக்கு வருவது.

இத்தகைய மூத்த கலைஞர்களைச் சிறிய அரங்கில், சில அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகழ் பெற்றவர் ஒருவரை அருகில் பார்ப்பது மகிழ்ச்சிதான். ஆனால் அதற்காக மட்டும் சிற்றரங்கைத் தேட வேண்டியதில்லை. எழுபதும் எண்பதும் கடந்த கலைஞரிடம் இளமையின் வேகமும் உரத்த குரலும் குறைந்திருக்கலாம். அவரிடம் மிஞ்சியிருப்பதும், இத்தனை ஆண்டுகளில் கூடியிருப்பதும், விரல் நுனியிலும் சொல்லை நிறுத்தும் இடத்திலும் இரு கருவிகளுக்கு இடையே நிகழும் உரையாடலிலும் இருக்கின்றன. அவை பெரிய விளையாட்டரங்கின் கடைசி வரிசை வரை போய்ச் சேர்வதில்லை. அறை, இருக்கை, முன்தயாரிப்பு ஆகிய எல்லாவற்றையும் இந்த நுணுக்கங்கள் உங்கள் காதை எட்டுவதற்கு ஏற்றபடி முடிவு செய்வதே இந்த வழிகாட்டியின் முறை.

படி 1: யாரை, எந்த வடிவில் கேட்கப் போகிறீர்கள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

குழுவின் பெயர் நிலைத்திருக்கும். உறுப்பினர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். 1960களில் தொடங்கிய பல குழுக்களில் இன்று ஆதி உறுப்பினர் ஒருவரோ இருவரோதான் இருக்கிறார்கள். சிலவற்றில் ஒருவரும் இல்லை. அப்படிப்பட்ட குழுவும் நன்றாக வாசிக்கலாம் என்றாலும், யாரைக் கேட்கப் போகிறோம் என்பது டிக்கெட் வாங்குவதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அரங்கத்தின் இணையதளத்தில் குழுவின் பெயரோடு கலைஞர்களின் பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் கலைஞரின் சொந்தத் தளத்தில் தேடுங்கள்.

அடுத்து, நிகழ்ச்சியின் வடிவம். ஒரே கலைஞர்கள் மின்கிதார், டிரம்ஸ் சகிதம் வந்தால் ஒரு கச்சேரி. மரக்கிதாரோடு இருவராக வந்து உட்கார்ந்தால் முற்றிலும் வேறு கச்சேரி. ஹாட் டூனா தொடக்கம் முதலே இந்த இரண்டு வடிவங்களிலும் வாசித்திருக்கிறது. 1970இல் வெளிவந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டே பெர்க்லி நகரின் ஒரு சிறு இசை விடுதியில் மின்கருவிகளின் முழக்கம் இல்லாமல் பதிவானது. அறிவிப்பில் ‘அகூஸ்டிக்’ (மின்கருவி இல்லாத வாசிப்பு) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ‘இன்னாருடன் ஒரு மாலை’ என்ற பொருளில் அறிவிப்பு இருந்தால், வேறு குழு முன்னதாக வாசிக்காது, முழு நேரமும் அவருக்கே என்று பொருள். பெரும்பாலும் நடுவில் ஓர் இடைவேளையும் இருக்கும். தி பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்வின் போல, பன்னிரண்டு தந்திக் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு அது பிறந்த கதையைச் சொல்லிப் பாடுகிறவர்களும் உண்டு. முதல் முறையாகச் செல்பவர்களுக்கு இந்த வடிவத்தையே நான் பரிந்துரைப்பேன், ஏனென்றால் பாடல்களை முன்பே அறியாதவரையும் கதை உள்ளே அழைத்துச் சென்றுவிடும்.

படி 2: பெயரைவிட அறையைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்

ஒரே கலைஞர் ஒரே சுற்றுப்பயணத்தில் 3,000 பேர் கொள்ளும் அரங்கிலும் 300 பேர் கொள்ளும் அரங்கிலும் வாசிப்பது சாதாரணம். பயணப் பட்டியல் முழுவதையும் எடுத்து, ஒவ்வோர் அரங்கின் கொள்ளளவையும் பாருங்கள். இரண்டு மணி நேரம் கூடுதலாகக் கார் ஓட்டினால் சிறிய அறை கிடைக்கும் என்றால், தயங்காமல் அந்தத் தூரத்தை ஓட்டலாம் என்பது என் கருத்து.

சிற்றரங்குகளிலும் வகைகள் உண்டு. நியூயார்க்கின் பவரி பால்ரூம் சுமார் 575 பேர் கொள்வது. பெரும்பாலும் நின்றுகொண்டே கேட்க வேண்டும். லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தரைக்குக் கீழே இருக்கும் 100 கிளப் அதைவிடச் சிறியது. இவற்றில் மேடைக்கு மிக நெருங்க முடியும். ஆனால் மூன்று மணி நேரம் நிற்க உடல் ஒத்துழைக்க வேண்டும், உயரம் குறைந்தவர்களுக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் காட்சியாகும். பர்ச்மியர் வேறு வகை. 1966இல் உணவகமாகத் தொடங்கி, பின்னர் இசை அரங்கமாக மாறி, 1997இல் இப்போதைய கட்டிடத்துக்கு வந்தது. மேசைகளைச் சுற்றி அமர்ந்து உணவருந்தலாம், ஆனால் பாட்டு தொடங்கியதும் பேசக் கூடாது என்பது அங்கே நெடுங்காலமாக இருந்துவரும் விதி. அமெரிக்காவில் இப்படிப்பட்ட அரங்கைக் ‘கேட்கும் அறை’ என்ற பொருள் தரும் பெயரால் அழைக்கிறார்கள். மூத்த கலைஞர்களைக் கேட்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்றே சொல்வேன், ஏனென்றால் அங்கே கலைஞர் தம் குரலை உயர்த்தி அறையை அடக்க வேண்டியதில்லை.

கலைஞரே தமக்கான அறையை அமைத்துக்கொள்வதும் உண்டு. தி பேண்ட் குழுவின் டிரம்ஸ் கலைஞரும் பாடகருமான லெவன் ஹெல்முக்கு 1998இல் தொண்டைப் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்குப் பின் குரல் கிசுகிசுப்பாகச் சுருங்கியது. மருத்துவச் செலவு கடனாக நின்றது. 2004 முதல் உட்ஸ்டாக் ஊரில் தம் வீட்டோடு சேர்ந்த மரக்கொட்டகையில், ஏறக்குறைய 200 பேரை உட்காரவைத்து, ‘மிட்நைட் ராம்பிள்’ என்ற பெயரில் இரவுக் கச்சேரிகளை நடத்தினார். அங்கேதான் குரல் மெல்ல மெல்லத் திரும்பியது. 2007இல் புதிய இசைத்தட்டே வெளிவந்தது. நானும் ஒரு நண்பரும் 2011 இலையுதிர்காலத்தில் அங்கே செல்வதாக இருந்தோம். வேலை நெருக்கடி என்று சொல்லி, அடுத்த கோடைக்குப் போகலாம் என்று தள்ளிவைத்தோம். 2012 ஏப்ரல் 19 அன்று அவர் மறைந்தார். இந்த இழப்பு இன்னும் என் மனத்தில் இருக்கிறது. அதன் பிறகு, எழுபது கடந்த எந்தக் கலைஞரின் கச்சேரியையும் ‘அடுத்த முறை’ என்று நான் ஒத்திப்போட்டதில்லை.

படி 3: டிக்கெட்

சிறிய அரங்கின் டிக்கெட்டுகள் குறைவு. சில நிமிடங்களில் தீர்ந்துவிடலாம். கலைஞரின் மின்னஞ்சல் பட்டியலிலும் அரங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலிலும் தனித்தனியாகச் சேர்ந்துகொள்ளுங்கள். பொது விற்பனைக்கு ஓரிரு நாள் முன்னதாகவே வாங்கும் வாய்ப்பு அவற்றின் வழியாகத்தான் வரும். மிகப் பெரிய கலைஞர்கள் சிற்றரங்கில் வாசிக்கும்போது அறிவிப்பே அன்று காலையில்தான் வரும். ரோலிங் ஸ்டோன்ஸ் 2013 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸின் எக்கோபிளெக்ஸில் வாசித்தபோது அப்படித்தான் நடந்தது. டிக்கெட் விலை 20 டாலர். பால் மெக்கார்ட்னி தம் 82ஆம் வயதில், 2025 பிப்ரவரியில், பவரி பால்ரூமில் வாசித்தபோது டிக்கெட் கவுண்டருக்கு நேரில் வந்தவர்களுக்கு மட்டுமே கிடைத்தது. அவற்றை எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது. ஆண்டுதோறும் பயணம் செய்யும் கலைஞர்களையும் ஒரே இடத்தில் தவறாமல் வாசிப்பவர்களையும் திட்டமிட்டுப் பிடிக்கலாம். கிதார் கலைஞர் லெஸ் பால் பல ஆண்டுகள் நியூயார்க்கின் இரிடியம் இசை விடுதியில் திங்கட்கிழமைதோறும் வாசித்தார். 2009இல் 94 வயதில் மறையும் ஆண்டு வரை அது தொடர்ந்தது. கிதார் கலைஞர் பட்டி கை சிகாகோவில் தமக்குச் சொந்தமான இசை விடுதியில் ஜனவரி மாதங்களில் வாசிப்பதை வழக்கமாக வைத்திருந்தார்.

மறுவிற்பனைத் தளங்களைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை அப்படி மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய டிக்கெட் ஒரு தூணுக்குப் பின்னால் இருந்தது. இருக்கை வரைபடத்தை அரங்கத்தின் தளத்தில் சரிபார்க்காமல் விட்டது என் தவறு. பெரும்பாலான அரங்குகளில், நிகழ்ச்சிக்கு முந்தைய நாட்களில், திருப்பித் தரப்பட்ட சில டிக்கெட்டுகள் வழக்கமான விலைக்கே விற்பனைக்கு வரும். தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

முதிய கலைஞர்களின் நிகழ்ச்சிகள் உடல்நலக் காரணங்களால் தள்ளிவைக்கப்படுவது இயல்பு. தள்ளிவைத்தால் டிக்கெட் செல்லுமா, பணம் திரும்புமா என்ற விதியைப் படித்துவிட்டே வாங்குங்கள். வெளியூர் என்றால், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய தங்கும் விடுதி அறையைப் பதிவு செய்யுங்கள்.

படி 4: காதைத் தயார் செய்யுங்கள்

எல்லாப் படிகளிலும் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய இசைத்தட்டை மட்டும் கேட்டுவிட்டு அரங்குக்குப் போகிறவர், மேடையில் இருப்பவரை அவருடைய இருபத்தைந்து வயதோடு ஒப்பிட்டுக்கொண்டே இரண்டு மணி நேரத்தைக் கழித்துவிடுவார். கலைஞர் கடந்த நான்கைந்து ஆண்டுகளில் நேரலையில் வாசித்த பதிவுகளைக் கேளுங்கள், பழையதையும் கேளுங்கள், ஒரே பாட்டின் இரண்டு வடிவங்களை அடுத்தடுத்துக் கேட்டால் எது குறைந்திருக்கிறது, எது வளர்ந்திருக்கிறது என்பது உங்களுக்கே விளங்கும்.

முதுமையில் உடல் எப்படி மாறுகிறது என்று தெரிந்திருப்பது கேட்பதற்கு உதவும். குரல்நாண்கள் மெலிந்து, நெகிழ்வு குறைகின்றன. உச்சஸ்தாயி முதலில் விடைபெறுகிறது. அதனால் பலரும் பாட்டை அரைக் கட்டையோ ஒரு கட்டையோ இறக்கிப் பாடுகிறார்கள். கிதாரின் எல்லாத் தந்திகளையும் அந்த அளவுக்குத் தளர்த்தி வைத்துக்கொள்வதும் உண்டு. மூச்சு குறுகுவதால் ஒரு வரியை இரண்டாக உடைத்துப் பாடுவார்கள். நன்றாகக் கவனியுங்கள்: தேர்ந்த கலைஞர் அந்த உடைப்பை மூச்சுக்காகச் செய்தாலும், பொருள் கூடும் இடத்தில்தான் செய்வார். சாரீரம் தளர்ந்த மூத்த வித்வான் ஒருவரை ஞானத்துக்காகக் கேட்டுப் பழகிய காதுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விரல்களை மூட்டுவாதம் பாதிக்கிறது. லெஸ் பாலின் விரல்கள் பெரும்பாலும் மடங்காத நிலையை அடைந்த பின்னரும், எஞ்சிய சில விரல்களுக்கு ஏற்பத் தம் வாசிப்பையே மாற்றி அமைத்துக்கொண்டு திங்கட்கிழமைகளைத் தவறவிடாமல் வாசித்தார். எத்தனை சுரங்கள் போயின என்று எண்ணாமல், எந்தச் சுரங்களை அவர் விடாமல் வைத்துக்கொண்டார் என்று கேட்பதே அத்தகைய வாசிப்பைக் கேட்கும் முறை.

எல்லா இசையும் ஒரே விதமாக முதுமை அடைவதில்லை. உச்சக்குரலையும் வேகத்தையும் நம்பிய பாணி பாடகரை முதலில் கைவிடுகிறது. கௌகோனன் மரக்கிதாரில் வாசிக்கும் புளூஸ், அதாவது அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசை, அப்படி இல்லை. ஓஹையோவில் ஆன்டியோக் கல்லூரியில் படித்த காலத்தில் இயன் புகானன் என்ற சக மாணவர் வழியாக அவர், போதகரும் கிதார் கலைஞருமான ரெவரெண்ட் கேரி டேவிஸின் வாசிப்பைக் கற்றார். 1896இல் பிறந்த டேவிஸ், பார்வையற்றவர். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டுமே கொண்டு வாசித்தவர். கௌகோனன் அந்தப் பாடல்களைக் கற்கத் தொடங்கிய காலத்தில் டேவிஸ் அறுபதைக் கடந்திருந்தார். மரணத்தையும் கடவுளையும் பற்றிய முதியவரின் பாடல்களை இருபது வயது இளைஞர் மனப்பாடம் செய்தார். இன்று அந்தப் பாடல்களின் வயதை அவர் எட்டிக் கடந்துவிட்டார். அதே வரிகளை இப்போது அவர் பாடும்போது அவை கடன் வாங்கிய வரிகளாக ஒலிப்பதில்லை. அந்தப் பாணியில் கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மாறிமாறிச் சீரான தாளத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். மற்ற விரல்கள் மேல்ஸ்தாயித் தந்திகளில் பாட்டை எடுத்துச் செல்லும். முதலில் கட்டைவிரலை மட்டும் தனியாகக் கேட்டுப் பழகுங்கள். பிறகு கேசடியின் பாஸ் அந்தக் கட்டைவிரலோடு எங்கே சேர்கிறது, எங்கே விலகி மேலே ஏறிக் கிதாருக்குப் பதில் சொல்கிறது என்று பின்தொடருங்கள். பதின்வயது முதல் சேர்ந்து வாசிக்கும் இருவருக்கு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவைகூட இல்லை என்பதை நேரில் காண்பீர்கள்.

படி 5: நிகழ்ச்சி நாள்

இருக்கை எண் இல்லாத அரங்குகளில் சீக்கிரம் போவதே நல்ல இடத்துக்கு வழி. பர்ச்மியரில் நெடுங்காலமாக மாலை 5 மணியளவில் வரிசை எண் தந்து, 6 மணிக்குக் கதவு திறந்ததும் எண் வரிசைப்படி உள்ளே விட்டுவந்தார்கள். மேசைகளை அறிமுகமில்லாதவர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அதை இடைஞ்சலாக நினைக்காதீர்கள். 1970களிலிருந்து இந்தக் கலைஞர்களைத் தொடர்ந்து கேட்டுவருகிறவர்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத செய்திகளை அவர்களிடம் கேட்டறியலாம். உணவை வந்தவுடன் வாங்கி, கச்சேரி தொடங்கும் முன் உண்டு முடித்துவிடுங்கள்.

எங்கே உட்காருவது? முதல் வரிசையின் ஓரம் பெரும்பாலும் மோசமான இடம். ஒலிபெருக்கி ஒரு காதை மட்டும் தாக்கும், மறுபக்கத்துக் கருவி கேட்காது. மூன்றாவது, நான்காவது வரிசையின் நடுப்பகுதியில் இரு பக்க ஒலிபெருக்கிகளும் சமமாகச் சேரும். விரல்களைப் பார்க்க விரும்பினால் நடுவிலிருந்து சற்று இடப்பக்கம் தள்ளி உட்காருங்கள். வலக்கைக் கலைஞரின் மீட்டும் கை அங்கிருந்து மறைவின்றித் தெரியும், ஒலிவாங்கியின் தண்டும் முகத்தை மறைக்காது.

மின்கருவிக் கச்சேரி என்றால் காதடைப்பான் அவசியம். 85 டெசிபல் ஒலியை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது என்றும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் (NIOSH) பரிந்துரை சொல்கிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பஞ்சு போன்ற மலிவான அடைப்பான்கள் கீச்சு ஒலிகளையே அதிகம் வெட்டி இசையை மந்தமாக்கிவிடும். இசை கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை எல்லா ஒலிகளையும் ஏறக்குறையச் சமமாகக் குறைக்கும். தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் தம் கேட்புத்திறன் பாதிக்கப்பட்டதைப் பல முறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அவரைக் கேட்டு வளர்ந்த ரசிகர்கள் பலரும் அதே பாதிப்போடுதான் இன்று அரங்குக்கு வருகிறார்கள்.

படி 6: கச்சேரி நடக்கும்போது

கைப்பேசியை அணைத்துப் பையில் வையுங்கள். சில நிகழ்ச்சிகளில் வாயிலிலேயே பூட்டும் உறைக்குள் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது நல்ல வழக்கம். இருண்ட சிறு அறையில் ஒரு திரையின் வெளிச்சம் மேடையில் இருப்பவரின் கண்ணில் நேராகப் படும்.

புகழ்பெற்ற பழைய பாட்டைக் கேட்டுக் கூச்சலிடாதீர்கள். அதை இன்று பாட முடியுமா என்பதை அவர் ஏற்கெனவே தீர்மானித்துத்தான் வந்திருப்பார். பாட்டுக்கு நடுவே சொல் மறந்துபோனால், முன் வரிசையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஆசை எழும், காத்திருங்கள். பெரும்பாலும் ஒரு சுற்று கிதாரை வாசித்துவிட்டுத் தாமே வரியைப் பிடித்துவிடுவார், அந்தச் சுற்று அன்றைக்கு மட்டுமே பிறந்த வாசிப்பாக இருக்கும். பாட்டுகளுக்கு இடையே சுருதி சேர்க்கும் நேரத்தில் அறை அமைதியாக இருந்தால் அவர் பேசத் தொடங்குவார். பேச்சொலி எழுந்தால் அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். இதை நான் பல முறை கண்டிருக்கிறேன். ஒரே கலைஞர் சத்தமான விடுதியில் மூன்று வார்த்தையும், கேட்கும் அறையில் இருபது நிமிடக் கதையும் சொல்வது அறையைப் பொறுத்தே அமைகிறது. நாற்காலியில் அமர்ந்து வாசித்தாலும், எதிரே பாட்டு வரிகளைக் காட்டும் திரை இருந்தாலும் அவற்றைக் குறையாகப் பார்க்க வேண்டாம்.

படி 7: முடிந்த பிறகு

வாசலருகே இசைத்தட்டுகளும் சட்டைகளும் வைத்திருக்கும் மேசையில் ஏதேனும் ஒன்றை வாங்குங்கள். பாடல்களை இணையத்தில் கேட்பதால் கலைஞருக்குச் சேர்வது மிகச் சிறிய தொகை. அந்த மேசையின் வரவு பயணச் செலவுக்கு உண்மையாகவே உதவும். சில இரவுகளில் அவரே அங்கு வந்து கையெழுத்திடுவார். ஒரு பொருளை மட்டும் நீட்டுங்கள். அவர் கையை நீட்டினாலொழிய நீங்கள் கைகுலுக்க முந்தாதீர்கள். மூட்டுவாதம் உள்ள கைக்கு அன்பான பிடியும் வலிக்கும், மறுநாள் இரவு அதே கை வேறோர் ஊரில் வாசித்தாக வேண்டும். நீண்ட பாராட்டைவிட, அன்று அவர் வாசித்ததில் உங்களை நிறுத்திய ஓர் இடத்தைச் சொல்லுங்கள். கேசடியின் பாஸ் எந்த வரியில் மேலே ஏறிப் பதில் சொன்னது என்று சொன்னால், நீங்கள் கேட்டீர்கள் என்பது அவருக்குப் புரிந்துவிடும்.

வீடு திரும்பியதும், உறங்கும் முன், பாடல் வரிசையை நினைவிலிருந்து எழுதி வையுங்கள்: எந்தப் பாட்டு எந்தக் கட்டையில் இறங்கியிருந்தது, எந்தக் கதையை எதற்கு முன் சொன்னார், எங்கே சொல் மறந்து கிதார் பேசியது. அந்தக் காகிதத்தின் அடியில், அதே கலைஞர் அடுத்து வாசிக்கும் ஊரையும் தேதியையும் குறித்து, டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளைச் சேர்த்து எழுதிவிடுங்கள்.